நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழை இயல், இசை, நாடகம் என மூவகையாகப் பகுத்துப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. இம்மூன்றனுள் இயற்றமிழுக்கு இலக்கண இலக்கியங்கள் பல உள. இசைத்தமிழுக்குத் தேவாரம் முதலிய பண் சுமந்த பாடல்கள் உள. நாடகத் தமிழோ நெடுங்காலம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாது, கூத்தர்தம் நாவிலேயே வாழ்ந்து வந்தது. நாவில் வாழ்வது அந்நாவோடு மறைந்துபோதலும் உண்டன்றோ? அவ்வாறு மறையாவண்ணம் அதற்கு நூல்வடிவம் தந்து, மாணவர் வாயிலாக அடுத்த தலைமுறையிடம் ஒப்புவித்த பெரியார் ஒருவர் தென்பாண்டிக் கடற்கரையில் தோன்றினார். அவரே தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

பழைய கொற்கைத் துறையின் பெருமைக்கு உரிமை பூண்டு விளங்கும் பட்டினம் தூத்துக்குடி. முற்காலத்தில் அக்கடலில் மூழ்கி முத்துச்சிப்பி எடுத்தோர் பலர். கரையோரத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவித்தோர் பலர். அந்நகருக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. பெற்றோர் தாமோதரனாரும் பேச்சியம்மாளும் அதற்குச் சங்கரன் எனப் பெயரிட்டனர். பின்னர் 1872இல் ஒட்டப்பிடாரத்தில் வ. உ. சிதம்பரனாரும், 1882இல் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியாரும் பிறந்தமையை எண்ணுங்கால், அக்கரிசல் நிலம் அக்காலத்துத் தமிழகத்துக்கு அளித்த கொடை எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

தாமோதரனார் தமிழறிவு மிக்கவர். இராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவராதலின், ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். எனவே சங்கரனுக்கு முதலாசிரியர் தந்தையாரே ஆயினர். பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து, அவரிடம் யாப்பும் வண்ணமும் சந்தமும் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்ற ஒருசாலை மாணாக்கர். பதினாறாம் அகவையிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் இயற்றும் ஆற்றல் சங்கரனுக்கு வாய்த்தது.

ஆயினும் பாப்புனையும் ஆற்றல் வயிற்றை நிரப்புமோ? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக அமர்ந்து அவர் சிலகாலம் பணியாற்றினார். பகலெல்லாம் உப்பின் எடையும் விலையும் கணக்கிட்ட அவ்விளைஞரின் உள்ளம், பாட்டும் கூத்தும் நிகழும் இடத்தையே நாடிக்கொண்டிருந்தது.

நாடக மேடையில்

சங்கரதாசர் தமது இருபத்து நான்காம் வயதில், ஏறத்தாழ 1891ஆம் ஆண்டில், கணக்கர் வேலையை விடுத்து நாடகத்துறை புகுந்தார். நாடகத் தமிழ் வரலாற்றில் அவ்வாண்டு சிறப்புடையது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயம் அச்சேறியதும், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவியதும் அவ்வாண்டேயாம். மனோன்மணீயம் கற்றோர் படித்து இன்புறுதற்கு எழுந்த நாடகம். சுகுண விலாச சபையோ, ஆங்கிலக் கல்வி கற்றுப் பிற தொழில்களில் இருந்தோர் ஓய்வு நேரத்தில் கூடி நடித்த மன்றம். சங்கரதாசர் சேர்ந்த உலகம் இவ்விரண்டினும் வேறானது. ஊர் ஊராகக் கொட்டகை அமைத்து, இரவெல்லாம் ஆடிப் பாடி, அன்றன்று கிட்டும் வருவாயால் உயிர் வாழும் தொழில்முறை நடிகர்களின் உலகம் அது. அவர்களைக் கூத்தாடிகள் என இகழ்தல் அக்காலத்து வழக்கமாய் இருந்தது. கற்ற புலவர் ஒருவர் தாமே விரும்பி அவ்விகழ்ச்சியை ஏற்றுக்கொள்ளத் துணிந்தமை சிறிய செயலன்று.

இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோரின் நாடக சபையில் அவர் முதற்கண் நடிகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களே அவருக்கு அமைந்தன. வாட்டசாட்டமான உடலும் இடிமுழக்கம் போன்ற குரலும் அவ்வேடங்களுக்குப் பொருந்தின.

அவர் வாழ்வின் திசையை மாற்றிய நிகழ்ச்சிகளாக இரண்டினைக் கூறுவர். நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்த அவர், ஒருநாள் விடியற்காலையில் வேடத்தைக் கலைக்கும்பொருட்டு நீர்த்துறைக்குச் சென்றார். அரையிருளில் அக்கரிய கோலத்தை எதிரே கண்ட பெண்ணொருத்தி, அஞ்சி விழுந்து அவ்விடத்திலேயே உயிர் துறந்தாள். பிறிதொரு நாள், சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வருங்கால், அவையில் இருந்த சூல்கொண்ட பெண்ணொருத்திக்கு அச்சத்தால் கருச்சிதைந்தது. தம் கலையின் வெற்றி பிறர் உயிருக்குக் கேடாய் முடிந்ததைக் கண்டு சங்கரதாசர் நெஞ்சம் நொந்தார். அன்றுமுதல் அத்தகைய வேடங்கள் புனைவதை அறவே விட்டொழித்தார். பிற நடிகராயின் அதனைத் தம் திறமைக்குச் சான்றெனக் காட்டிப் புகழ் தேடியிருத்தலும் கூடும். சங்கரதாசரோ புகழினும் உயிரைப் பெரிதாக மதித்தார். மேடையில் இனி அவர்க்குரிய பணி, நாடகத்தைத் தொடங்கி நடத்தும் சூத்திரதாரப் பணியும், பிறரைப் பயிற்றும் ஆசிரியப் பணியுமே ஆயின. சாமி நாயுடு என்பாரின் சபையில் அவ்விரண்டையும் மேற்கொண்டார்.

துறவும் மீட்சியும்

சிலகாலம் சென்றபின் அவர்க்கு உலக வாழ்வில் பற்றுக் குறைந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர், முருகப் பெருமானிடம் கொண்ட பேரன்பினால் துறவுக்கோலம் பூண்டு தலங்கள்தோறும் சென்று வழிபட்டார். அதுமுதல் மக்கள் அவரைச் சுவாமிகள் என அழைக்கலாயினர்.

யாத்திரையின் இடையே புதுக்கோட்டையை அடைந்தபோது, கஞ்சிரா என்னும் தாளக்கருவியில் நிகரற்று விளங்கிய மான்பூண்டியா பிள்ளை அவரை வரவேற்றுத் தம் இல்லத்தில் இருத்தி அன்புடன் பேணினார். அப்பெருங்கலைஞரின் தொடர்பால் சுவாமிகளின் தாள அறிவு மேலும் நுட்பம் பெற்றது. நாடகத்தை மறந்து திரிதல் தமிழுக்கு இழப்பாகும் என அவர் வற்புறுத்தவே, சுவாமிகள் மீண்டும் நாடக உலகிற்குத் திரும்பினார். துறவியின் உடை மாறவில்லை. காவியுடுத்தவாறே கொட்டகைக்குள் நுழைந்து பாடம் சொன்னார். தெய்வ வழிபாடு வேறு, கலைப்பணி வேறு என அவர் கருதவில்லை.

பாலர் சபை

சுவாமிகள் திரும்பி வந்து கண்ட நாடக உலகம் ஒழுங்கு குன்றியிருந்தது. பாடல்கள் ஓரளவு வரையறை பெற்றிருந்தன. உரையாடலோ நடிகர் மனம்போனபடி நீண்டது. கதையை நடுவில் நிறுத்திவிட்டு, ஒருவரை ஒருவர் வினாவாலும் பாட்டாலும் மடக்க முயலும் போட்டியே மேடையில் மிகுந்தது. ஆசிரியர் எழுதியது ஒன்று, அவையோர் கேட்டது மற்றொன்று என்னும் நிலை ஏற்பட்டது. பேர்பெற்ற நடிகர் பலர் வரையறைக்கு அடங்கவும் இசையவில்லை.

தூத்துக்குடி உப்பளத்தை அறிந்தார் இதனை எளிதில் உணர்வர். கடல்நீர் கடலில் கிடக்கும்வரை உப்பாகத் திரள்வதில்லை. அதனைப் பாத்தியில் பாய்ச்சி, வரப்பிட்டு நிறுத்தி, வெயிலில் காயவிட்ட வழியே வெண்ணிற மணிகளாக விளையும். நடிகர்தம் திறமையையும் அங்ஙனம் வரப்பிட்டு நிறுத்தவேண்டும் எனச் சுவாமிகள் கருதினார். பாட்டும் வசனமும் முழுமையாக அமைந்த நாடகங்களை எழுதினார். 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவி நடத்தினார். பிற்காலத்தில் தம் இசையால் தமிழகத்தையே கவர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா, அச்சபையில் பயின்றவருள் ஒருவர்.

வளர்ந்தோரைத் திருத்துவதினும் இளையோரைப் பயிற்றுதல் பயனுடையது எனக் கண்ட சுவாமிகள், சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட பாலர் சபைகளுக்கு ஆசிரியரானார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அச்சபையே அச்சிறுவர்களுக்கு வீடாகவும் பள்ளியாகவும் அமைந்தது. ஆசிரியரை வாத்தியார் என அழைத்து, அவர் முன் அமர்ந்து பாடம் ஒப்பித்தனர். எழுத்தைச் சிதையாது ஒலித்தல், தாளம் வழுவாது பாடுதல், பொருளறிந்து பேசுதல், தன் முறை வரும்வரை பிறர் பேச்சைக் கேட்டுநிற்றல் ஆகியவற்றை அங்கே கற்றனர். திருக்குறள், நாலடியார் முதலிய நூல்களின் கருத்துகள் நாடக வசனத்தில் கலந்திருந்தமையால், பாடம் படித்த சிறுவரோடு, எழுத்தறியாது அவையில் அமர்ந்திருந்த உழவரும் மீனவரும் அவற்றைப் பெற்றனர்.

பாலர் சபை வாழ்க்கையில் இன்னலும் இல்லாமல் இல்லை. ஆறேழு வயதில் இல்லம் விட்டு வந்த சிறுவர், இரவெல்லாம் விழித்து நடித்தனர். பாடம் தவறினால் அடியும் பட்டனர். இன்றுள்ள சட்டமும் அறமும் அத்தகைய முறையை ஏற்கா. சுவாமிகளும் கண்டிப்பு மிக்கவரே. சினம் எழுந்தால் மாணவர் நடுங்குவர். எனினும், அவரிடம் பயின்றோர் முதுமையிலும் அவரை நினைந்து நெஞ்சுருகினர். பிள்ளைகளுக்கு இது போதும் எனக் கருதி எளியதைக் கொடாமல், தாம் கற்ற தமிழ் முழுவதையும் அவர்க்கு வழங்கினமையே அதற்குக் காரணமாம்.

ஓரிரவில் ஒரு நாடகம்

அச்சபையில் சேர்ந்தவருள் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் பின்னாளில் புகழ்பெற்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 1912இல் பிறந்த சண்முகம், சபை புகுந்தபோது ஆறு வயதுச் சிறுவர். அவர் குரலையும் நினைவாற்றலையும் உற்றுநோக்கிய சுவாமிகள், அவர்க்கெனவே ஒரு நாடகம் யாத்தளிக்க எண்ணினார். அபிமன்யுவின் கதையை எடுத்துக்கொண்டு, விளக்கொளியில் ஓரிரவு அமர்ந்து எழுதினார். பொழுது புலர்ந்தபோது அபிமன்யு சுந்தரி என்னும் நாடகம் பாட்டும் வசனமுமாக நிறைவு பெற்றிருந்தது. இச்செய்தியைச் சண்முகமே எனது நாடக வாழ்க்கை என்னும் தம் நூலில் பதிந்துள்ளார்.

ஓரிரவில் ஒரு நாடகம் எழுதிய விரைவு வியப்புக்குரியதே. அதனினும் வியப்புக்குரியது அதன் நோக்கம். பெருஞ்செல்வரை மகிழ்வித்துப் பரிசில் பெறுதற்கு அவர் அதனை எழுதவில்லை. சிறுவன் ஒருவனிடம் மறைந்துகிடந்த ஆற்றலை உலகம் அறியவேண்டும் என்னும் ஒன்றுக்காகவே கண்விழித்தார். நல்லாசிரியர்க்கு இதனின் மேலான இலக்கணம் யாது உளது?

அவர் இயற்றியவை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், சதி அனுசூயா, பிரகலாதன், இலவகுசா முதலியன அவற்றுள் பெயர்பெற்றவை. சேக்சுபியரின் ரோமியோ ஜூலியத், சிம்பலின் ஆகியவற்றின் கதைகளையும் தமிழ் மேடைக்கு ஏற்ப நாடகமாக்கினார்.

இறுதிக் காலம்

1921ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. எழுதிய கை அசைவற்றது. கொட்டகை அதிர முழங்கிய வாய் பேச்சிழந்தது. சொல்லையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்தவர்க்கு இதனினும் கொடிய துன்பம் வேறு இல்லை. ஆயினும் அவர் இயற்றிய சொற்கள் ஓயவில்லை. இரவுதோறும் அவை மாணவர் நாவினின்று ஒலித்தன. ஆசிரியர் வாயடைத்திருந்தார், அவர் கற்பித்த பாடம் பேசிக்கொண்டிருந்தது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில், தமது ஐம்பத்தைந்தாம் அகவையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நகரின் கருவடிக்குப்பத்தில் அவரது சமாதி உள்ளது.

நிலைத்த புகழ்

டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் தனிச் சபை அமைத்து, ஆசிரியரின் மரபைப் பேணினர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அச்சபையில் வளர்ந்தவர். ஆசிரியரின் நினைவைப் போற்றுவதைச் சண்முகம் தம் வாழ்நாள் கடமையாகவே கொண்டிருந்தார். மதுரைத் தமுக்கம் திடலில் சுவாமிகளின் சிலை நிற்கின்றது.

சிலையினும் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளில் கோயில் திருவிழாக்காலத்தில் இன்றும் வள்ளி திருமணம் நடைபெறுகின்றது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர், ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே ஒன்றுகூடி விடியும்வரை நடிக்கின்றனர். அதனை ஸ்பெஷல் நாடகம் என வழங்குவர். முன்பின் அறியாதார் பிழையின்றி ஒருங்கு நடித்தல் எவ்வாறு இயலுகின்றது? அவர் அனைவரும் சுவாமிகளின் பாடத்தையே கற்றிருத்தலால் இயலுகின்றது. நேரில் காணாத ஆசிரியர்க்கு அவர்கள் மாணவராய் விளங்குகின்றனர்.

முத்துச்சிப்பி கடலடியில் கிடந்து மடியினும், அது ஈன்ற முத்து அணிவோர் மார்பில் ஒளிரும். தம் குரலை மாணவர் குரலாக்கிச் சென்ற சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வும் அத்தகையதே. கற்றதைப் பிறர்க்கு வழங்குவோர் அழிவதில்லை என்னும் உண்மையை அவர் வரலாற்றால் உணர்ந்து, நாமும் கற்று, கற்றதை வழங்கி வாழ்வோமாக.