இம்மானுவேல் காண்ட் கண்ட எல்லை

ஐரோப்பியத் தத்துவ ஞானியருள் தலைசிறந்தாருள் ஒருவராகிய இம்மானுவேல் காண்ட் என்பார், கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் 1724-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிறந்தார். அந்நகர் இந்நாளில் காலினின்கிராட் என்னும் பெயரோடு ருஷ்ய நாட்டிற்கு உரியதாயுள்ளது. தந்தையார் குதிரைச் சேணம் செய்து பிழைத்தவர். அன்னையார் கடவுட்பற்று மிக்கவர். பதின்மூன்றாம் வயதில் காண்ட் அன்னையாரை இழந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்திற் கற்று, பின்னர்ச் சில்லாண்டுகள் செல்வர் மனைகளில் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி வாழ்ந்தார்.

அவருள்ளத்தை இளமையிற் கவர்ந்தது நியூட்டனின் விஞ்ஞானம். 1755-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எங்கும் பரந்து கிடந்த நுண்பொருள் திரண்டே ஞாயிறும் கோள்களும் உண்டாயின என்று, ஈர்ப்பு விலக்கு என்னும் இரண்டு ஆற்றல்களைக் கொண்டு விளக்கினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. பலர் அதனைத் தெய்வ தண்டம் என்றனர். காண்ட் மறு ஆண்டில் எழுதிய மூன்று கட்டுரைகளில், நிலத்தின் கீழுள்ள குகைகளில் வெம்மையுற்ற வாயுக்களே அதற்குக் காரணம் என்றார். அக்காரணம் பிழையென்பது பிற்கால ஆராய்ச்சியால் விளங்கிற்று. அங்ஙனம் புதிய காட்சியாற் பழைய முடிபு திருந்துதல் விஞ்ஞானத்தின் இயல்பேயாம்.

எனினும் இரண்டு ஐயங்கள் அவரை வருத்தின. நிகழ்வன யாவும் முற்காரணத்தால் நிகழ்வனவாயின், மக்கள் செயலும் அவ்வாறே ஆகும். ஆகவே அறம் பாவம் என்னும் வேறுபாட்டிற்கு இடம் யாது? இஃது ஒன்று. காரண காரியங்களின் பிரியாத் தொடர்பு பொறிகளாற் காணப்படுவதன்று. ஒன்றன்பின் ஒன்று நிகழ்தலையே காண்கின்றோம் என்று ஸ்காட்லாந்து நாட்டு ஹியூம் காட்டினார். அஃது உண்மையாயின் விஞ்ஞானத்திற்கே அடிப்படை இல்லையாம். இஃது இரண்டாவது.

1770-இல் பேராசிரியரான காண்ட், பெருநூலொன்றும் வெளியிடாது பதினோராண்டு சிந்தித்து, 1781-இல் தூய அறிவின் ஆராய்ச்சி என்னும் பொருள்படும் பெருநூலை வெளியிட்டார். இடமும் காலமும் நம் காட்சியின் வடிவங்கள். காரண காரிய நியதி நம் அறிவு காட்சிப் பொருள்களை ஒழுங்குபடுத்தும் விதி. ஆகலின் தோன்றும் உலகத்தளவில் விஞ்ஞானம் உறுதியுடையது. தோற்றத்திற்கு அப்பாலுள்ள பொருளின் உண்மையியல்பை அஃது எட்டாது. இதுவே அவர் கண்ட எல்லை. அளக்கப்படும் பொருளை விஞ்ஞானம் ஆராய, அளவையையே தத்துவம் ஆராய்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வெல்லை இருதிறத்தார்க்கும் பொதுவாயிற்று. கடவுளையும் உயிரின் அழியாமையையும் தருக்கத்தால் நிறுவப் புகுந்தாரையும், விஞ்ஞானத்தின் பேரால் அவற்றை இல்லையென்றாரையும் அவர் ஒருங்கே மறுத்தார். 1788-இல் வெளியிட்ட நூலில், கடமையுணர்ச்சியே நம் சுதந்தரத்தை நமக்கு அறிவிக்கின்றது என்றும், கடவுளும் உயிரின் அழியாமையும் அவ்வறவாழ்வின் பொருட்டுக் கொள்ளத்தக்கன என்றும் நிறுவினார். முதல் ஐயத்திற்கு இதுவே அவர் கண்ட விடை.

1793-இல் சமயம் பற்றி எழுதிய நூலுக்காக, மறு ஆண்டில் அரசன் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் அவரைக் கடிந்தான். காண்ட் தம் கொள்கையை மறுத்துரையாது, சமயம் பற்றிப் பேசாதிருக்க உடன்பட்டார். 1797-இல் அரசன் இறந்தபின் அவ்வுடன்பாடு நீங்கியதெனக் கொண்டார். 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், தாம் பிறந்த நகரிலேயே எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். அவர் வகுத்த எல்லை சரியான இடத்தில் உள்ளதா என்பது அளவை நூல் வல்லார் இன்றும் ஆராயத்தக்கது.