அளந்து தந்த உறக்கம்

அறுவை மருத்துவம் ஒரு காலத்தில் நோயினும் கொடியதாக இருந்தது. நோயாளியைச் சிலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரைந்து கத்தியை இயக்குவார். வேகமே அவரது திறமைக்கு அளவுகோல். 1846 அக்டோபர் 16 அன்று இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் ஆவியை நுகரச் செய்து, அறுவைக்கு வந்த ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்தினார். வலியறியா உறக்கம் உலகுக்கு அறிமுகமாயிற்று. அவ்வுறக்கத்தை உயிருக்குத் தீங்கின்றித் தரும் முறையை வகுத்தவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்நோ.

இளமை

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1813ஆம் ஆண்டு, எளிய தொழிலாளர் குடும்பத்தில், ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராக ஸ்நோ பிறந்தார். 14ஆம் வயதில் நியூகாசிலில் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். 18 வயதில், காலராவால் மடிந்துகொண்டிருந்த சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றினார். பின்னர் லண்டன் சென்று பயின்று, 1844இல் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார்.

ஆவியும் அளவும்

1846 டிசம்பரில் ஈதர் லண்டனை எட்டியது. ஆனால், அதை நுகர்ந்தோர் சிலர் ஆழ்ந்து உறங்கினர். சிலர் வலியால் துடித்தனர். ஒரே மருந்து இருவேறு விளைவைத் தருவது ஏன் என ஸ்நோ ஆராய்ந்தார். காற்றின் வெப்பம் மிகுந்தால் அதில் கலக்கும் ஈதர் ஆவியும் மிகும் என்பதைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்தினார். வெப்பநிலையை நீரால் சீராகக் காக்கும் நுகர்கருவி ஒன்றையும் வடிவமைத்தார்.

நுகரப்படும் ஆவி நுரையீரல் வழியே குருதியில் கலந்து மூளையைச் சேர்கிறது. குருதியில் அதன் அளவு கூடக்கூட மயக்கமும் ஆழமாகிறது. இதனை ஸ்நோ ஐந்து படிநிலைகளாகப் பகுத்தார். முதல் நிலையில் நினைவு நீங்குவதில்லை; ஐந்தாம் நிலையிலோ மூச்சே நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் நோயாளியை நிறுத்துவதே மயக்க மருத்துவரின் கடமை.

உயிர் காத்த கவனம்

1847 நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபார்மை அறிமுகப்படுத்தினார். எளிதில் மயக்கிய அம்மருந்தைத் துணியில் ஊற்றிப் பலரும் நுகரத் தந்தனர். 1848 ஜனவரியில் நியூகாசில் அருகே, கால்நகம் ஒன்றை அகற்றுவதற்காக அதை நுகர்ந்த 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிரிழந்தாள். பலர் அஞ்சினர். ஸ்நோவோ, காற்றில் செறிவு மிகுந்த ஆவியே இதயத்தை நிறுத்துகிறது என்று கருதினார். மருந்தைக் கைவிடவில்லை, அளவைக் கட்டுப்படுத்தினார். விலங்குகளிடத்தும் தம்மிடத்துமே சோதித்தறிந்தார். 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் குளோரோபார்ம் அளித்தார். தாம் மயக்கம் அளித்தவர்களைப் பற்றி நாள்தோறும் குறித்துவைத்தார்.

பேறுகால வலியைத் தணிப்பது இயற்கைக்கு மாறானது என்று பலர் எதிர்த்த காலம் அது. 1853இல் விக்டோரியா அரசியாரின் பேற்றின்போது ஸ்நோ அழைக்கப்பட்டார். கைக்குட்டையில் சிறிது சிறிதாகக் குளோரோபார்ம் இட்டு, 53 நிமிடங்கள் அளித்தார். அரசியார் நினைவிழக்கவில்லை, வலி மட்டும் தணிந்தது. அதன்பின் எதிர்ப்பும் மெல்லத் தணிந்தது.

நிறைவு

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, மாசுற்ற குழாய்க் கிணற்று நீரே அதைப் பரப்புகிறது என்று காட்டியவரும் ஸ்நோவே. குளோரோபார்ம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது நோயுற்று, 1858 ஜூன் 16 அன்று 45ஆம் வயதில் மறைந்தார்.

1884இல் வியன்னாவின் கார்ல் கோலர், கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையைக் கண்டார். அவ்வகை மருந்து மூளையை உறங்கவைப்பதில்லை. நரம்பின் வழியே வலிச்செய்தி மூளைக்குச் செல்வதை இடையில் தடுக்கிறது. முழு மயக்கமாயினும் ஓரிட மரப்பாயினும் அளவு தவறின் மருந்தே நஞ்சாகும். ஆகவேதான், இன்றும் அறுவை அரங்கில் கத்தி பிடிப்பவரோடு, நோயாளியின் மூச்சையும் நாடியையும் இமைகொட்டாது நோக்கும் மருத்துவர் ஒருவரும் இருக்கிறார். ஜான் ஸ்நோ தொடங்கிவைத்த காவல் அது.