கண்ணே முதற்கருவி

நுழையும்முன்

பீன்யா, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. இங்குள்ள பட்டறைகளில் ஒரு நிறுவனம் செய்த பாகத்தை வேறொரு நிறுவனத்தின் எந்திரத்தில் பொருத்தவேண்டிய தேவை அடிக்கடி எழும். அளவெடுத்து, லேத்தில் கடைந்து, துளையிட்டு, மரை போட்டு அவ்விரண்டையும் இணைத்துவிடும் கைத்திறன் பலருக்கு உண்டு. மாணவர்கள் சிலரின் வீட்டிலேயே அத்தகைய கைகள் இருக்கும். அதே திறனைக்கொண்டு ஒரு படக்கருவியை அமைத்து, இந்தியக் காடுகளின் விலங்குகளைப் பதிவுசெய்த தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். இவருடைய தந்தையார் அ. மாதவையா. தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நூலை எழுதியவர் அவரே. எட்டுப் பிள்ளைகளுள் கிருஷ்ணனே கடைக்குட்டி.

குடும்பம் சென்னையில் மயிலாப்பூர்ப் பகுதியில் வாழ்ந்தது. அந்நாளில் அப்பகுதி இன்றுபோல் நெருக்கமான நகரமாக இருக்கவில்லை; வீடுகளுக்கு அப்பால் புதர்களும் திறந்த வெளிகளும் இருந்தன. பறவைகளையும் சிறுவிலங்குகளையும் உற்றுநோக்கும் பழக்கம் சிறுவயதிலேயே கிருஷ்ணனிடம் வேரூன்றியது.

1925ஆம் ஆண்டு அக்குடும்பத்தைப் பெருந்துயரம் தாக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று வாதாடிய மாதவையா, பேசிமுடித்த சிறிது நேரத்தில் மயங்கிச் சாய்ந்து உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. அதன்பின் மூத்த தமக்கையாரின் அரவணைப்பில் வளர்ந்தார்.

கல்வியும் பணியும்

கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன், தென்னிந்திய மலைத்தாவரங்களை ஆராய்ந்தவர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்ற பயணங்கள், புத்தகத்தில் படித்ததைக் களத்தில் கண்டறியும் வழியைக் கிருஷ்ணனுக்குக் கற்பித்தன. பேராசிரியரின் மனைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். ஒரு செடியை வரைய வேண்டுமாயின் அதன் இலை எப்படித் தண்டில் அமைந்துள்ளது என்பதைக் கூர்ந்து காணவேண்டும். அந்தப் பயிற்சி, பின்னாளில் அவர் படக்கருவியைக் கையிலெடுத்தபோது பெரிதும் உதவியது.

பின்னர் அவர் சட்டமும் பயின்றார். ஆயினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் உள்ளம் ஒன்றவில்லை. 1942இல் சண்டூர் என்னும் சிறிய சமஸ்தானத்தில் பணியேற்றார். இன்று அவ்வூர் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் உள்ளது. பீன்யா வழியாகச் செல்லும் துமகூரு நெடுஞ்சாலையில் வடமேற்கே பயணம் செய்து, சித்ரதுர்காவைக் கடந்து சென்றால் அப்பகுதியை அடையலாம். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கு அவர் வகித்தார். அலுவல் முடிந்த நேரங்களில் சண்டூரின் குன்றுகளும் காடுகளும் அவருக்குப் பள்ளியாயின.

1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் மாதச் சம்பளம் தரும் வேலையை அவர் நாடவில்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையும் ஓவியத்தையுமே வாழ்வாதாரமாகக் கொண்டார். இயற்கையைப்பற்றி எழுதிப் பிழைப்பது எளிதன்று என்று கருதப்பட்ட காலத்தில், நிலையான வருவாயைத் துறந்து அவர் எடுத்த முடிவு துணிவானது.

பாரமான படக்கருவி

காட்டுவிலங்கின் அருகில் எளிதில் செல்ல இயலாது. மனிதரைக் கண்டதும் மான் ஓடிவிடும், யானை சினங்கொள்ளக்கூடும். ஆகவே தொலைவில் உள்ளதை அண்மையில் உள்ளதுபோல் காட்டும் தொலைவில்லை தேவை. அத்தகைய வில்லைகள் விலைமிக்கவை. எழுத்தை நம்பி வாழ்ந்தவர் விரும்பிய அனைத்தையும் கடையில் வாங்கிவிட முடியாது.

கிருஷ்ணன் அதற்கு வேறு வழி கண்டார். ஒரு நிறுவனத்தின் படக்கருவி உடல், மற்றொரு நிறுவனத்தின் தொலைவில்லை, வேறு இடங்களில் கிடைத்த துணைப்பாகங்கள் ஆகியவற்றைத் தாமே ஒன்றாகப் பொருத்தி ஒரு கருவியை உருவாக்கினார். அது அளவில் பெரிது, தூக்குவதற்குப் பாரமானது. பாரமானது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும்படி, ‘சூப்பர் பாண்டரோசா’ என்ற வேடிக்கைப் பெயர் அதற்கு வழங்கியது. இயற்கை ஆய்வாளரான ஈ.பி. ஜீ, 1964இல் வெளிவந்த தம் நூலில் இக்கருவியைக் கண்டு வியந்ததை நகைச்சுவையுடன் பதிவுசெய்துள்ளார்.

கண்டவர் சிரித்தாலும், கருவி வேலை செய்தது. அதன் ஒவ்வொரு பாகத்தையும் கிருஷ்ணன் அறிந்திருந்தார். எந்தத் தொலைவில் அது தெளிவாகப் படம்பிடிக்கும், எவ்வளவு வெளிச்சம் அதற்குத் தேவை, அதை எப்படி அசையாமல் பிடிக்கவேண்டும் என்பன எல்லாம் பழக்கத்தால் அவருக்குக் கைவந்தன. தம் தேவை எது என்று தெளிந்து, அத்தேவைக்கு ஏற்ற கருவியை அமைத்துக்கொண்டதே அவரது தேர்வின் சிறப்பு.

கருப்பும் வெள்ளையும்

கிருஷ்ணனின் காலத்திலேயே வண்ணப்படச் சுருள் பரவலாயிற்று. எனினும் அவர் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வண்ணம் இல்லாத படத்தில் ஒளியும் நிழலுமே பேசவேண்டும். யானையின் தோல்சுருக்கம், காட்டெருமையின் திரண்ட தோள், புல்வெளியில் நிற்கும் மானின் காதுவிளிம்பு ஆகியவற்றை ஒளி விழும் திசையே புலப்படுத்தும்.

அந்நாளில் படம் எடுப்பது செலவு மிக்க செயல். பரவலாகப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒன்றில் 36 படங்களே எடுக்கலாம். எடுத்த படம் நன்றாக அமைந்ததா என்பதைச் சுருளைக் கழுவிய பிறகே அறியமுடியும். ஆகவே பொத்தானை அழுத்துமுன் நன்கு சிந்திக்க வேண்டியிருந்தது.

நடந்தும், பழகிய யானையின் முதுகில் அமர்ந்தும் கிருஷ்ணன் காடுகளில் படம் எடுத்தார். முதுமலை முதலிய காடுகளில் காட்டுயானைகளின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் கவனித்தார். யானை எப்போது அமைதியாக மேயும், எப்போது காதை விரிக்கும், கன்று எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அறிந்தவருக்கே, அடுத்த நொடியில் நிகழவிருப்பதை முன்னுணர்ந்து காத்திருக்க முடியும். அவ்வறிவை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது.

படங்கள் சான்றாயின

1950 முதல் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் கிருஷ்ணன் இயற்கைக் கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதிவந்தார். புலியும் யானையும் மட்டும் அதில் இடம்பெறவில்லை. காகம், அணில், மைனா, தெருநாய் முதலிய அன்றாட உயிர்களும் இடம்பெற்றன. அவர் தீட்டிய கோட்டோவியங்கள் அக்கட்டுரைகளுக்கு அழகூட்டின. ஏறத்தாழ 46 ஆண்டுகள், தம் வாழ்வின் இறுதிவரை அத்தொடரை எழுதினார். தமிழிலும் இயற்கையைப்பற்றி எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்துள்ளார்.

1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. அதனைக்கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயனாகிய நூலை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. அந்நூலில் அவர் எடுத்த படங்கள் வெறும் அலங்காரமாக அமையவில்லை. எந்த விலங்கு எங்கு, எவ்வாறு வாழ்ந்தது என்பதற்குச் சான்றாக அமைந்தன.

காடுகள் வேகமாகச் சுருங்கிவந்த காலம் அது. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் வழிகாட்டுக் குழுவில் கிருஷ்ணனும் இடம்பெற்றார். அயல்நாட்டு மரங்களை நட்டு அழகுபடுத்துவதைவிட, மண்ணுக்குரிய மரங்களையும் உயிர்களையும் அவற்றின் போக்கில் வாழவிடுவதே சிறந்தது என்பது அவரது உறுதியான கருத்து.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 1995இல் உலக அளவிலான ‘குளோபல் 500’ சிறப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். பின்னர் அவருடைய படங்களையும் எழுத்துகளையும் நூலாகத் தொகுக்கும் பணியில், பெங்களூரில் வாழ்ந்த புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாளும் பங்கேற்றார்.

இன்றைய கைகளில்

இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு கைபேசியேனும் உள்ளது. கிருஷ்ணனின் பாரமான கருவியில் இல்லாத வசதிகள் பல அதில் உண்டு. எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். பிழையெனில் மீண்டும் எடுக்கலாம். ஆயினும் நல்ல படத்திற்குரிய அடிப்படைகள் மாறவில்லை.

முதலாவது, ஒளி. நண்பகல் வெயில் முகத்தில் கருநிழலை ஏற்படுத்தும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் ஒளி உருவத்தை நன்கு காட்டும். இரண்டாவது, அண்மை. கைபேசித் திரையில் விரல்களால் பெரிதாக்கினால், பெரும்பாலும் படம் தெளிவிழக்கும். இயலுமிடத்தில் சில அடி முன்னே நடப்பது நன்று. மூன்றாவது, உயரம். பூனையையோ குழந்தையையோ மேலிருந்து நோக்காமல், மண்டியிட்டு அதன் கண்மட்டத்திலிருந்து எடுத்தால் படம் உயிர்பெறும். நான்காவது, பின்னணி. முன்னால் இருப்பதை மட்டும் நோக்குபவர், தலைக்குப் பின்னால் நிற்கும் மின்கம்பத்தைக் காணத் தவறுவர். ஐந்தாவது, அசையாமை. முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்து, சுவரிலோ தூணிலோ சாய்ந்து நின்றால் கை நடுங்காது.

புதிய கருவி வாங்க எண்ணுவோர் முதலில் எதைப் படமெடுக்க விரும்புகிறோம் என்று தம்மையே வினவவேண்டும். தொலைவிலுள்ள பறவைக்குத் தொலைவில்லை வேண்டும். பூச்சிக்கும் பூவுக்கும் மிக அருகில் தெளிவாகக் காட்டும் வில்லை வேண்டும். குடும்பத்தையும் தெருவையும் படமெடுக்கக் கையிலுள்ள கைபேசியே போதும். தேவை தெளிவாகாமல் வாங்கிய விலைமிக்க கருவி அலமாரியிலேயே தங்கிவிடும்.

பீன்யாவில் யானைகள் இல்லை. ஆனால் தொழிற்கூடங்களின் மேலே வட்டமிடும் பருந்துகள் உண்டு. சாலையோரப் புங்கமரங்கள் உண்டு. தேநீர்க் கடை வாயிலில் உறங்கும் நாய்கள் உண்டு. காகத்தையும் அணிலையும் புலிக்கு நிகராக மதித்து எழுதிய கிருஷ்ணன் இவற்றையும் கடந்துபோயிருக்க மாட்டார். ஓர் உயிரைப் பலநாள் பொறுமையுடன் நோக்குபவரின் கண்ணே முதற்கருவி. கையிலுள்ளது அதற்குத் துணைக்கருவி.

சொல்லும் பொருளும்

ஒளிப்படம் – புகைப்படம்
படக்கருவி – கேமரா
வில்லை – லென்ஸ்
தொலைவில்லை – தொலைவில் உள்ளதை அண்மையில் உள்ளதுபோல் காட்டும் லென்ஸ்
படச்சுருள் – பிலிம்
தமக்கை – அக்கா
ஆய்வுநல்கை – ஆராய்ச்சிக்காக வழங்கப்படும் உதவித்தொகை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மா. கிருஷ்ணனின் தந்தையார் யார்? அவர் எழுதிய நாவல் எது?
2. சண்டூரில் கிருஷ்ணன் வகித்த பொறுப்புகள் யாவை?
3. ‘சூப்பர் பாண்டரோசா’ என்பது எது? அப்பெயர் ஏன் வழங்கியது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ஓவியப் பயிற்சி கிருஷ்ணனின் ஒளிப்படக் கலைக்கு எவ்வாறு உதவியிருக்கும்?
2. கிருஷ்ணன் எடுத்த படங்கள் அலங்காரமாக மட்டும் அமையவில்லை என்பதை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
முதற்கருவி, வாழ்வாதாரம், கோட்டோவியம், கண்மட்டம்

ஈ. செயல்பாடு
உங்கள் தெருவிலுள்ள ஒரு மரத்தையோ பறவையையோ தேர்ந்தெடுத்து ஒரு வாரம் நாள்தோறும் கவனியுங்கள். முதல் 6 நாள்கள் படம் எடுக்க வேண்டா. கண்டவற்றைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதுங்கள். 7ஆம் நாள் பெரியவர் ஒருவரின் துணையுடன் 3 படங்கள் மட்டும் எடுங்கள். சாலையின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். படத்தில் மனிதர் இடம்பெறின், அவர்களிடம் முன்னரே இசைவு பெறுங்கள். சிறந்த படத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஏன் தேர்ந்தீர்கள் என்பதை 5 தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுங்கள்.