மூன்று முறை தட்டப்பட்ட கதவு!



பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், சட்டென்று பதில் சொல்லி விடுவீர்கள் அல்லவா? டாக்டர், போலீஸ், டீச்சர், விமானம் ஓட்டுபவர்... குஜிலியம்பாறைப் பக்கம் வகுப்பு எடுத்த காலத்தில், பள்ளி திறந்த முதல் நாளில் நானும் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்பேன். பதில் சொல்லாத பிள்ளையே இருக்காது. பெயர் மறந்தாலும் மறப்பார்கள். ஆசையை மறக்க மாட்டார்கள்!

எங்கள் ஊர்ப்பக்கம் வானம் பார்த்த பூமி. விவசாயி நிலத்தை உழுவார், விதைப்பார், பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். மழை அவர் கையில் இல்லை. அதற்காக உழாமல் சும்மா இருந்து விடுவாரா? மாட்டார். தன் வேலையைத் தான் செய்துவிட்டு, மீதியை ஆண்டவனிடம் விட்டு விடுவார்.

அப்படித் தன் வாழ்க்கையையே ஆண்டவர் கையில் ஒப்படைத்த ஒரு பெண்மணியின் கதையை இன்று சொல்லப் போகிறேன். அவர் கண்ணை மூடியது நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில் தான். யார் என்று தெரிகிறதா? கதையைப் படியுங்கள், தெரிந்து விடும்!

1870ம் ஆண்டு, டிசம்பர் 9ம் தேதி, ராணிப்பேட்டையில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அண்ணன்மார் ஐந்து பேருக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கை. செல்லத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஐடா சோபியா என்று பெயர் வைத்தனர்.

அப்பா, டாக்டர் ஜான் ஸ்கடர். தாத்தாவின் பெயரும் டாக்டர் ஜான் ஸ்கடர் தான். தாத்தா, 1819ம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்து மருத்துவம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி ஊழியம் செய்திருக்கின்றனர்.

அப்படியென்றால் ஐடாவும் சின்ன வயதிலேயே, நானும் டாக்டராகி இங்கேயே இருப்பேன் என்று சொல்லியிருப்பார் என்று தானே நினைக்கிறீர்கள்? அது தான் இல்லை!

ஐடாவுக்கு ஆறு வயது ஆகும் சமயம், தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நம் தமிழ்நாட்டை உலுக்கிய கொடிய பஞ்சம் அது. பசியால் வாடி, கையைத் தூக்கி வாயில் ரொட்டியை வைக்கவும் தெம்பில்லாத குழந்தைகளுக்கு, ஐடா ரொட்டித் துண்டுகளை ஊட்டி விட்டாள். தன் வயதுப் பிள்ளைகள் சாவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். அந்தப் பிஞ்சு மனதில் ஒரு பயம் விழுந்தது. இந்த வெயிலும் பஞ்சமும் நோயும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

பிறகு, குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் அப்பா மட்டும் இந்தியா திரும்பினார். அடுத்து அம்மாவும் கிளம்பினார். ஐடாவைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டு விட்டுப் போக வேண்டிய நிலை. அம்மா புறப்பட்ட இரவில், அவரது தலையணையில் முகம் புதைத்து அழுதாராம் ஐடா. பெற்றோரைத் தன்னிடமிருந்து பிரித்த இந்தியா மீது அவருக்குக் கோபம் கூட வந்திருக்கலாம், இல்லையா?

இளம் பெண்ணாக வளர்ந்த போது, ஐடா தெளிவாக ஒரு திட்டம் போட்டு விட்டார். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் ஊழியத்துக்குப் போகட்டும். நான் போக மாட்டேன். அமெரிக்காவில் படித்து, திருமணம் செய்து, நிம்மதியாக வாழ்வேன் என்பது தான் அந்தத் திட்டம்.

1890ம் ஆண்டு, அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வந்தது. திண்டிவனத்தில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கொள்ள ஐடா வந்து சேர்ந்தார். வரும் போதே, அம்மா தேறியதும் அடுத்த கப்பலில் திரும்பி விட வேண்டும் என்ற முடிவோடு தான் வந்தார்.

அப்போது தான் அந்த இரவு வந்தது.

ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே காலடிச் சத்தம். பிராமண இளைஞர் ஒருவர் பதறிப் போய் நின்றார். அவரது இளம் மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தை பிறக்காமல் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. என் அப்பா தான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. இளைஞரின் முகம் வாடியது. வேற்று ஆண் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணுக்கு வைத்தியம் பார்க்க, தங்கள் வழக்கம் இடம் தராது என்று சொல்லி, தலை குனிந்தபடியே போய் விட்டார்.

சற்று நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்த முறை வந்தவர் ஓர் இஸ்லாமியர். அவர் மனைவிக்கும் அதே நிலைமை. அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினார்.

மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது! அவர் இன்னோர் இந்துக் குடும்பத்தவர். அதே வேண்டுகோள், அதே பதில்.

குழந்தைகளே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் மூன்று பேர். மூவருக்கும் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர். அந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லை. பக்கத்து அறையில் அருமையான டாக்டர் இருந்தும் பயனில்லை.

அன்று இரவு ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. இரவெல்லாம் ஜெபம் செய்தார். தன் திட்டம் ஒரு பக்கம். தட்டப்பட்ட கதவு மறுபக்கம். எதை விடுவது? மனதுக்குள் பெரிய போராட்டம். அமெரிக்காவில் காத்திருந்த வாழ்க்கையை விட அவருக்கு மனமில்லை.

பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளச் சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த மூன்று பெண்களுமே இறந்து விட்டனர்!

ஐடா தன் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக் கொண்டார். வெளியே வந்த போது, அவரிடம் பழைய திட்டம் இல்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, இந்தியப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் திரும்பி வருவேன் என்று அப்பா, அம்மாவிடம் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் செத்தது கடவுள் எழுதிய விதி, நாம் என்ன செய்ய முடியும் என்று ஐடா கையைக் கட்டிக் கொண்டு உட்காரவில்லை. இனி ஒரு பெண் அப்படிச் சாகக் கூடாது, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று தான் கேட்டார். ஆண்டவர் சித்தம் என்பது அவருக்குச் சும்மா இருக்கச் சொல்லும் சாக்காக இல்லை. எழுந்து நடக்கச் சொல்லும் அழைப்பாக இருந்தது.

1895ம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் கொடுத்த போது அங்கே மாறி, 1899ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

ஊருக்குத் திரும்பும் முன், வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட எட்டாயிரம் டாலர் திரட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினார். நாட்கள் ஓடின, பணம் சேரவில்லை. ஒரு நாள், ஓர் அம்மையாரிடம் வேலூர்ப் பெண்களின் துயரத்தைச் சொல்லிக் கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த ஒரு வயதான வங்கி முதலாளியின் காதில் அது விழுந்தது. ஷெல் என்பது அவர் பெயர். இறந்து போன தன் மனைவியின் நினைவாக, அவர் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்! கேட்டது எட்டு; கிடைத்தது பத்து.

1900ம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்தார் ஐடா. அனுபவம் மிக்க அப்பாவின் பக்கத்தில் இருந்து, தொழிலை நன்றாகக் கற்றுக் கொள்ளலாம் என்பது அவரது எண்ணம். ஆனால், அந்த ஆண்டே அப்பா காலமாகி விட்டார். போட்ட திட்டம் மீண்டும் உடைந்தது! அழுதார், ஆனால், ஓடிப் போகவில்லை. தங்கியிருந்த வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலைப் போட்டு, வைத்தியத்தைத் தொடங்கினார். 1902ம் ஆண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்து மக்களைத் தேடி, அவரே போனார். முதலில் மாட்டு வண்டி. 1909ம் ஆண்டில் ஒரு சின்ன மோட்டார் கார் கிடைத்தது. மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடி வந்த வண்டியைப் பார்த்து, பேய் வருகிறது என்று பயந்து ஜனங்கள் ஓடினார்களாம்! போகப் போகப் பழகி விட்டார்கள். குடியாத்தம் சாலையில் மர நிழல்களில் அந்த வண்டிக்காகக் கூட்டமாகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு டாக்டர் எத்தனை பேருக்குத் தான் பார்க்க முடியும்? நம் ஊர்ப் பெண்களே டாக்டராக வேண்டும் என்று ஐடாவுக்குத் தோன்றியது. 1909ம் ஆண்டு நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசிடம் கேட்டார். பெண்கள் யாரும் சேர மாட்டார்கள் என்று நினைத்த அதிகாரி, ஆறு பேராவது வந்தால் நடத்திக் கொள்ளுங்கள் என்றார். விண்ணப்பங்கள் பல மடங்கு வந்து குவிந்தன! 1918ம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம் பள்ளி தொடங்கியது. முதல் ஆண்டுத் தேர்வில், மாகாணத்தில் ஆண் மாணவர் பலர் தேறாமல் போக, ஐடாவின் மாணவியர் அத்தனை பேரும் தேறினர்.

கதை இத்துடன் முடிந்தால், சுகமான கதை தான். ஆனால், மிகக் கடினமான தேர்வு அவருக்கு முதுமையில் வந்தது.

1930களின் இறுதியில், பழைய மருத்துவப் படிப்பு இனிக் கிடையாது. பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ்., மட்டும் தான் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. அதற்குப் புதிய கட்டடங்கள், கருவிகள், பேராசிரியர்கள் வேண்டும். கோடை மழை போல் எங்கிருந்தோ வந்து கொட்டுமா பணம்? எழுபது வயதைக் கடந்த ஐடா, உலகப் போர் நடந்து கொண்டிருந்த 1941ம் ஆண்டில், அமெரிக்காவுக்குச் சென்று மறுபடியும் ஊர் ஊராக நிதி கேட்டார்.

அப்போது ஒரு யோசனை வந்தது. ஆண்களையும் சேர்த்துக் கொண்டால், எல்லாச் சபைகளும் கைகொடுக்கும். கல்லூரி பிழைக்கும் என்பது தான் அது. ஐடாவுக்கு இது இடி போல் இருந்தது. பெண்களுக்கென்றே, பெண்களின் காசில், பெண்களால் கட்டப்பட்ட இடமாயிற்றே! பல ஆண்டுகள் கூடவே நின்று நிதி திரட்டிய தோழியரும் கடுமையாக எதிர்த்தனர். ஐடா தயங்கினார். நெடுநாள் யோசித்தார், ஜெபித்தார்.

இந்தக் கல்லூரி என்னுடையதா, ஆண்டவருடையதா? ஆண்டவருடையது என்றால், என் பிடிவாதத்துக்காக இது மூடப்படலாமா? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை, தன் விருப்பத்தை விட்டுக் கொடுப்பது தான். அதனால் சில பழைய நட்புகளில் விரிசல் விழுந்தது. அந்த வலியையும் பொறுத்துக் கொண்டார்.

இளவயதில் தன் சுகத்துக்கான திட்டத்தை விட்டார். அது கூடப் பரவாயில்லை. முதுமையில், தான் பாடுபட்டு வளர்த்த நல்ல திட்டத்தையே விட்டார். இரண்டாவது தான் ரொம்பக் கஷ்டம், குழந்தைகளே!

1942ம் ஆண்டு எம்.பி.பி.எஸ்., வகுப்பு தொடங்கியது. 1947ம் ஆண்டு ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். 1946ம் ஆண்டு ஐடா ஓய்வு பெற்றார். அவருக்குப் பின், டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நம் ஊர்ப் பெண்களே டாக்டராக வேண்டும் என்ற ஆசை, எவ்வளவு தூரம் வந்து விட்டது பாருங்கள்!

இப்போது கண்டுபிடித்து விட்டீர்களா? ஆமாம், அது தான் வேலூர் சி.எம்.சி., ஆஸ்பத்திரி! இந்தியாவில் முதன் முதலாகத் திறந்த இதய அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது 1961ம் ஆண்டில், அங்கே தான். முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்ததும் அங்கே தான், 1971ம் ஆண்டில். ஒரு கட்டிலில் தொடங்கிய இடத்தில், இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள்.

ஓய்வுக்குப் பிறகு ஐடா, கொடைக்கானலில் இருந்த தன் வீட்டில் அதிக நாட்கள் இருந்தார். 1960ம் ஆண்டு மே மாதம், 89ம் வயதில் அங்கே உயிர் நீத்தார். அவரது உடலை, அவர் நேசித்த வேலூரில் அடக்கம் செய்தனர்.

அடுத்த முறை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ஏறும் போது, இந்த டாக்டர் அம்மாவை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஐடா கிறிஸ்தவர். தன் திட்டங்களை ஆண்டவர் சித்தத்துக்கு விட்டுக் கொடுப்பதே பணிவு என்று நம்பியவர். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுபவராக இருந்தாலும், அவரிடம் கற்றுக் கொள்ள ஒன்று உண்டு. ஆசைப்படுங்கள், திட்டம் போடுங்கள், நன்றாக உழைத்துப் படியுங்கள். ஆனால், திட்டத்தை இறுகப் பிடித்துக் கொண்டு, உதவி கேட்டு ஒருவர் கதவைத் தட்டும் போது காதை மூடிக் கொள்ளாதீர்கள். கேட்ட மார்க்கு கிடைக்கவில்லையா? நினைத்த பள்ளியில் இடம் கிடைக்கவில்லையா? அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. அழுது முடித்த பின், இப்போது நான் செய்ய வேண்டியது என்ன என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் விவசாயியும் அதைத் தானே செய்கிறார்? இந்த வருடம் மழை பொய்த்தாலும், அடுத்த வருடம் ஏரைப் பூட்டாமல் இருக்க மாட்டார்.

போய் வாருங்கள், கண்ணுகளா! கதவு தட்டும் சத்தம் கேட்டால், ஓடிப் போய்த் திறங்கள்.