சபாநாயகர் துரைசுவாமி

சென்ற ஆவணித் திங்களில் ஒருநாள் மாலை, புங்குடுதீவிலிருந்து அன்பர் மூவர் என் இல்லத்துக்கு வந்தனர். யான் அகரம் பயின்ற ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு உறுப்பினர் தெரிவு நடைபெற இருக்கின்றது என்றும், பழைய மாணவர் சார்பில் யான் நிற்றல் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். பிள்ளைகள் தொகை அருகிய சிறு பாடசாலைகளை ஒன்றோடொன்று இணைத்தல் பற்றிய பேச்சு ஊரில் எழுந்துள்ள வேளை அது. யான் உடனே இசைந்திலேன். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தே காலங் கழித்தவன். ஒருவரிடமும் வாக்குக் கேட்டறியேன். தோற்றுவிட்டால் மறுநாள் மாணவர் முகத்தில் விழிப்பது எங்ஙனம் என்ற நாணமும் உள்ளத்தில் இருந்தது. அதனை மறைப்பானேன்?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்போது என் நினைவில் எழுந்தவர் வேலணை ஈன்ற பெருமகனாகிய சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. யான் பிறப்பதற்கு முன்னரே மறைந்தவர். எனினும் என் பாட்டனார் வாய்மொழியால் அப்பெயர் எனக்குச் சிறுவயதிலேயே பழகிய பெயர். அவர் வரலாற்றை வாசக அன்பர்களுடன் சேர்ந்து ஒருமுறை எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

துரைசுவாமி 1874ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் வேலணையில் பிறந்தார். நல்லை நகர் ஆறுமுக நாவலர் அப்போது உயிரோடிருந்தார். வண்ணார்பண்ணையில் 1848இல் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு இருபத்தாறு வயதாகியிருந்தது. ஆயினும் ஆங்கிலம் கற்க விரும்பிய பிள்ளைக்குப் பெரும்பாலும் மிசன் பாடசாலையே புகலிடம். தீவகத்துப் பிள்ளைக்கு இன்னும் ஓர் இடர் இருந்தது. இன்று பேருந்து ஓடும் பண்ணைத் தாம்போதி அன்று இல்லை; கடல் கடந்தே பட்டினம் செல்ல வேண்டும். காற்றும் கடலும் இசைந்தால் கல்வி, இன்றேல் காத்திருப்பு. இந்நிலையில் பிறந்த சிறுவன் யாழ்ப்பாணத்திற் கற்று, வங்காளம் சென்று, கல்கத்தாவின் பிரசிடென்சிக் கல்லூரியிற் பயின்று பட்டதாரியாக மீண்டான் என்றால், அதன் அருமையைத் தீவார் நன்கு உணர்வர்.

தாயகம் மீண்டவர் அப்புக்காத்துத் தொழிலை மேற்கொண்டார். பொருள் ஈட்டுதற்கு அதுவே போதியது. ஆனால் அவர் உள்ளம் பொதுப்பணியை, சிறப்பாகப் பாடசாலைப் பணியை நாடியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் இயக்குநர் சபையில் அவர் நெடுங்காலம் உழைத்தார். அக்காலத்துப் பாடசாலை நிருவாகம் இக்காலத்தார் எண்ணுவதுபோல் எளிதன்று. நிலமும் கட்டடமும் ஊரார் தருதல் வேண்டும். ஆசிரியரை முகாமையாளர் நியமித்தல் வேண்டும். பிள்ளைகளின் வரவும் கல்வித்தரமும் பரிசோதகர் கண்ணுக்கு நிறைவளித்த பின்னரே அரசாங்க உதவி நன்கொடை கிட்டும். நன்கொடை தாமதித்தால் ஆசிரியர் வீட்டு அடுப்பும் தாமதிக்கும். 1923ஆம் ஆண்டில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, இந்து போட் என ஊரார் வாயில் வழங்கி, சு. இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பால் ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நிறுவியதும் இந்தச் சூழலிலேயாம். அந்நாளில் யாழ்ப்பாணத்தில் அரசியலும் பாடசாலையும் இருவேறு துறைகளாக இருக்கவில்லை. சட்டசபையில் ஊருக்கு ஒருவர் இருந்தால், பள்ளிக்கு நன்கொடை கேட்க ஒரு வாய் இருந்தது.

துரைசுவாமி 1921இல் சட்டநிரூபண சபையில் வடமாகாணத்தின் உறுப்பினராகப் புகுந்தார். 1924இல் விரிவாக்கப்பட்ட சபையிலும் இடம்பெற்றார். வாக்காளர் தொகை அன்று மிகச் சிறிது. 1924இல் இலங்கை மக்களுள் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்குரிமை உடையோர். சொத்தும் வருவாயும் எழுத்தறிவும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை உரியதாயிருந்தது. புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்தவனுக்கும், பனையோலை பின்னிய பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

பின்னர் டொனமூர் அரசியற்றிட்டம் வந்தது. 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிட்டிற்று. இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கிற்று. ஐம்பது தொகுதிகள் வகுக்கப்பட்டன. தீவகம் ஊர்காவற்றுறைத் தொகுதியாயிற்று. ஆயின் முழுச் சுயராச்சியம் தராத திட்டம் வேண்டா என யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் முழங்கினர். அவர்களுட் பலர் ஆசிரியர். காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் வேட்பாளர் எவரும் முன்வரவில்லை. பத்தாண்டு சட்டநிரூபண சபையில் இருந்து பழகிய துரைசுவாமியும் வேட்புமனுக் கொடாதோருள் ஒருவர்.

இலட்சியத்தின் பெருமையை யான் குறைத்துரையேன். எனினும் அதன் விலையைச் சொல்லாது விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து நாட்டை ஆண்டது. அவற்றுள் ஒன்று கல்விக்குழு. அதன் தலைவரும் கல்வி மந்திரியும் ஆனவர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா. எந்த ஊருக்குப் பாடசாலை, எதற்கு எவ்வளவு நன்கொடை என்பவை ஆராயப்பட்ட அவ்வேளையில், யாழ்ப்பாணத்தின் நான்கு நாற்காலிகளும் வெறுமையாய்க் கிடந்தன. மூன்றாண்டின் பின், 1934இலேயே இடைத்தேர்தல் வந்தது. ஊர்காவற்றுறையின் உறுப்பினராக முதலிற் சென்றவர், இந்துக் கல்லூரியின் முன்னைநாள் அதிபர் நெவின்ஸ் செல்வதுரை. தீவார் தம் முதற் பிரதிநிதியாக ஒரு பள்ளியாசிரியரைப் பெற்றமை, அந்நாளில் அவர்கள் எதனைப் பெரிதென மதித்தனர் என்பதைக் காட்டும்.

1936ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் துரைசுவாமி ஊர்காவற்றுறையின் உறுப்பினரானார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே சபை அவரைத் தன் சபாநாயகராகத் தெரிந்தெடுத்தது. மொலமூரே, ஒபயசேகரா என்னும் இருவர்க்கும் பின், அவ்வாசனத்தில் மூன்றாமவர் இவர். அதே ஆண்டில் அமைந்த மந்திரிசபையில் தமிழர் ஒருவர்க்கும் இடமில்லை. மந்திரிகள் அனைவரும் சிங்களவர். அவர்களை அடக்கி அமர்த்தும் ஆசனத்தில் வேலணைத் தமிழர். இந்த முரணை எவ்வாறு கொள்வது என்று தமிழர் பலர் மயங்கினர். ஆனால் காலிமுகத்திடலை அடுத்த அம்மாளிகையில் பதினோராண்டு, 1947 வரை, அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தார். கட்சி பேசாத, சினம் காட்டாத நடுவுநிலைக்கு அவர் பெயர் எடுத்தார். அரசும் அவருக்குச் சேர் பட்டம் அளித்தது.

இங்கேதான் அவர் வாழ்வின் அரிய சிக்கல் இருக்கின்றது. சபாநாயகராயினார் சபையில் வாதிடல் ஆகாது. ஏனைய உறுப்பினர் தத்தம் ஊர்க்குத் தெருவும் பாலமும் பள்ளியும் கேட்டு எழுந்து நிற்க, அவர்களுக்குப் பேச இடங்கொடுப்பது அவர் கடன். தம் தொகுதிக்காகப் பேசுவது கடன் அன்று. தீவகத்தின் குரல் மிக உயர்ந்த ஆசனத்தில் இருந்தது. ஆயின் அது சபையில் ஒலிக்கவில்லை.

அவர் தலைமை தாங்கிய அச்சபையிலேயே இலவசக் கல்விக்கான பிரேரணைகள் விவாதிக்கப்பட்டன. கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. கட்டணம் வாங்கிய பாடசாலையார் பலர் எதிர்த்தனர். நெடிய வாதங்களின் பின் 1945 அக்டோபர் 1ஆம் நாள் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. நாட்டுப்புறத்து ஏழைப்பிள்ளைக்கும் உயர்கல்வி கிட்டுதற்காக மத்திய பாடசாலைகள் எழுந்தன. 1947 அளவில் அவை ஐம்பத்துநான்கு. வேலணைக்கும் ஒன்று வாய்த்தது. கடல் கடந்து பட்டினம் போகாமலே விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்கத் தீவகத்துப் பிள்ளைகளுக்கு வாயில் திறந்தது. புங்குடுதீவிலிருந்தும் பிள்ளைகள் அங்குச் சென்று கற்றனர். பிற்காலத்தில் அக்கல்லூரி துரைசுவாமியின் பெயரையே தாங்கிற்று.

1947இல் சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி புதிய பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தது. எழுபத்துமூன்று வயது முதியவராகிய துரைசுவாமி மீண்டும் ஊர்காவற்றுறையில் நின்றார்; தோற்றார். வென்றவர் அல்பிரட் தம்பிஐயா. பதினோராண்டு நாட்டின் சபையை நடாத்தியவரைத் தம் சொந்தத் தீவார் கைவிட்டனர்.

என் பாட்டனார் கொழும்பிற் கடை வைத்திருந்தவர். அத்தேர்தலுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, புகைவண்டியிலும் வள்ளத்திலுமாக ஊர் வந்து வாக்களித்தவர். யான் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஒருநாள் திண்ணையில் இருந்து அச்செய்தியைச் சொன்னார். அவர் துரைசுவாமிக்கு வாக்களிக்கவில்லை. புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் பாலத்துக்காக எங்கள் ஊரவர் அந்நாளில் ஓயாது உழைத்துக்கொண்டிருந்தனர். இன்று வாணர் பாலம் என்று நாம் வழங்குவது அவ்வுழைப்பின் பேறேயாகும். ஊரின் ஆவலெல்லாம் பாலத்தில் இருந்தது. சபையில் எழுந்து வாதாடும் ஒருவரே வேண்டும் என்று பாட்டனாரும் எண்ணினார். அவ்வெண்ணம் தவறென்று அவர் சொல்லவில்லை. ஆயினும் தம் மக்களுள் இளையவர் வேலணை மத்திய பாடசாலையிற் சேர்ந்து முதல்நாட் சென்றபோது, படலை வரை வந்து வழியனுப்பிய தாம் மறுபடி திண்ணைக்குத் திரும்பித் தலைகுனிந்து இருந்ததாகச் சொன்னார். அந்த இளைய மகன் என் தந்தையார்.

தோல்வியின் பின்னர் துரைசுவாமி பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்கு மாறியதையும் அவர் தம் கண்ணாற் கண்டார். தாமும் தம்மையொத்தாரும் ஊர் ஊராகச் சென்று நிலம் கேட்டு, பணம் திரட்டி வளர்த்த நிருவாக முறை முடிவடைந்தது. முகாமையாளர் என்னும் பதவி பெயரளவில் மறைந்தது, பள்ளிகள் நிலைத்தன. 1966ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆம் நாள், தமது தொண்ணூற்றோராம் வயதில், அவர் மறைந்தார்.

அவரைத் தெரிந்தெடுத்ததும் தள்ளியதுமாகிய ஊர்காவற்றுறைத் தொகுதியும் பின்னர்ப் பழைய நிலையில் இல்லை. 1989இன் தேர்தல் முதல் மாவட்ட விகிதாசாரமே வழக்காயிற்று. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் போர் தீவகத்தை வெறுமையாக்கிற்று. பன்னிரண்டு வட்டாரங்களில் நிறைந்திருந்த புங்குடுதீவு மக்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சிதறினர். மீண்டவர் சிலரே. அச்சிலருடைய பிள்ளைகளுக்காகவே இன்று எங்கள் பள்ளிகளின் மணி ஒலிக்கின்றது. அன்று, பிள்ளைகள் இருந்தனர், பள்ளிகள் போதவில்லை. இன்று, பள்ளிகள் இருக்கின்றன, வகுப்பில் விரல்விட்டு எண்ணும் தொகையே இருக்கின்றது. இணைத்தலே நன்றென்பார்க்கும் நியாயமுண்டு. எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் எல்லாப் பாடமும் கற்பித்தல் அரிது. ஆயினும் பேருந்து குறைந்த ஊரில், ஐந்து வயதுக் குழந்தை மூன்று கட்டை தூரம் வெயிலில் நடப்பது எங்ஙனம் என்பதையும் யாராவது அக்கூட்டத்தில் எழுந்து கேட்டல் வேண்டும்.

இரவு முழுவதும் இவ்வரலாற்றை எண்ணியபோது என் நாணம் மிகச் சிறியதாய்த் தோன்றிற்று. நாட்டின் சபாநாயகராய் இருந்த ஒருவர் எழுபத்துமூன்றாம் வயதில் தம் ஊரார் முன் வாக்குக் கேட்டு நின்றார்; தோற்றபின்னும் அதே ஊராரின் பிள்ளைகள் அவர் காலத்தில் எழுந்த பள்ளிக்கே சென்றனர். முப்பத்தொன்றில் வெறுமையாய்க் கிடந்த நாற்காலிகள் ஒருபுறமும், முப்பத்தாறின் பின் அமர்ந்தும் பேச இயலாதிருந்த ஆசனம் ஒருபுறமும் என் கண்முன் நின்றன. எனக்கு வாய்த்ததோ பேசுதற்குத் தடையில்லாத சிறு வாங்கு.

விடிந்ததும் அவ்வன்பர்க்கு என் இசைவைத் தெரிவித்தேன். தெரிவு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பட்டினத்திலிருந்து குறிகட்டுவான் போகும் முதற் பேருந்தில் ஏறினால், வேலணையையும் வாணர் பாலத்தையும் கடந்து நேரத்துக்குச் சென்றுவிடலாம்.