சிட்டுக்குருவி காட்டிய வழி

குட்டீஸ், கொசு கடித்தால் மலேரியா வரும் என்று இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் 130 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பெரிய டாக்டர்களுக்கே அது உறுதியாகத் தெரியாது. அதை நிரூபித்தவர் ரொனால்ட் ராஸ். அவருக்குக் கை கொடுத்தவை சின்னஞ்சிறு சிட்டுக்குருவிகள்!

ராஸ் பிறந்தது நம் நாட்டு இமயமலை ஊரான அல்மோராவில், 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி. அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. எட்டு வயதில் ராஸைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கவிதை, இசை, ஓவியம் என்றால் அவருக்கு உயிர். அப்பாவோ மகன் டாக்டராக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வேண்டாவெறுப்பாக மருத்துவம் படித்த ராஸ், 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம் சென்னைக்கு வந்தார்.

மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணிக் கிருமி இருப்பதை லாவரன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1880-லேயே கண்டுபிடித்திருந்தார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? கொசுவைக் கவனித்துப் பார் என்று லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் ராஸுக்கு வழி சொன்னார்.

1895-ல் செகந்திராபாத்தில் வேலை தொடங்கியது. உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கள் கடிக்கவிட்டு, கொசுவுக்கு ஒரு அணா வீதம் கூலி கொடுத்தார் ராஸ். பிறகு அந்தக் கொசுக்களை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். கொளுத்தும் வெயில். விசிறி போட்டால் கொசு பறந்துவிடுமே! வியர்வை சொட்டிச் சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமி வளர்வதைப் பார்த்துவிட்டார்.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து, மலேரியா அதிகம் இல்லாத கெர்வாரா என்ற ஊருக்கு மாற்றல் வந்தது! 1898-ல் கல்கத்தாவுக்கு வந்தால், அங்கே பிளேக் பீதி. ஊசியைக் கண்டாலே மக்கள் ஓடினார்கள். ரத்தம் தர ஆளில்லை.

ராஸ் பறவைகளிடம் போனார். பறவைகளுக்கும் மலேரியா உண்டு. அந்தக் கிருமி மனிதர்களைத் தாக்காது, ஆனால் வளரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சிட்டுக்குருவி, வானம்பாடி, காகம் எனப் பிடித்து ஒவ்வொன்றின் ரத்தத்தையும் சோதித்தார். கிருமி உள்ள குருவியைக் கொசுவலைக்குள் வைத்துக் கொசுக்களைக் கடிக்கவிட்டார். ஜூலை மாதம் விடை கிடைத்தது. கொசுவின் வயிற்றில் வளர்ந்த கிருமிகள் அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து குவிந்திருந்தன! அதே கொசுக்கள் நோயில்லாத குருவிகளைக் கடித்தபோது, அவற்றுக்கும் மலேரியா வந்தது. கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வரலாம் என்று மேன்சன் நினைத்திருந்தார். கடிப்பதால்தான் என்று குருவிகள் காட்டிவிட்டன. மனித மலேரியாவும் இப்படியே பரவுகிறது என்பதை அதே ஆண்டு இத்தாலி விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். யார் முதலில் என்று அவர்களோடு ராஸ் வெகுகாலம் சண்டை போட்டது வேறு கதை.

1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932 செப்டம்பர் 16-ஆம் தேதி லண்டனில் காலமானார்.

ராஸ் செய்த அந்த ரத்தச் சோதனை இப்போது கடற்பறவைகளையும் காப்பாற்றுகிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் அருகே 2000-ஆம் ஆண்டு ஒரு கப்பல் மூழ்கி, கடலில் எண்ணெய் பரவியது. எண்ணெய் அப்பிய சுமார் 19,000 பென்குயின்களை மீட்டுக் குளிப்பாட்டினார்கள். இப்படிக் கரைக்குக் கொண்டுவரும் பென்குயின்களுக்குப் பெரிய ஆபத்து, கொசு கடித்து வரும் மலேரியா. அதனால் அங்குள்ள மீட்பு நிலையத்தில் பென்குயினின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மலேரியாக் கிருமி மட்டுமல்ல, உண்ணி கடித்து வரும் பபேசியா என்ற ஒட்டுண்ணியும் சில பாக்டீரியாக்களும்கூட அதில் தெரிந்துவிடும். நோய் தெரிந்தால் உடனே மருந்து கொடுத்து, குணமான பிறகே மறுபடி கடலில் விடுகிறார்கள்.