தொட்டாற்சிணுங்கியின் நாடி பார்த்தவர்

ஷா ஆலத்தில் திடல் ஓரங்களில் புல்லோடு புல்லாகத் தொட்டாற்சிணுங்கி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இலையைச் சூடுபடுத்தினால், சற்றுத் தள்ளியுள்ள இலைகளும் அடுத்தடுத்து மடங்கும். நரம்பே இல்லாத செடியில் செய்தி எப்படிப் பரவுகிறது? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தியவர் ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-இல், இன்றைய வங்காளதேசப் பகுதியில் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். பின்னர் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த போஸ், 1885-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கத் தொடங்கினார். ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளம் தந்ததால், மூன்று ஆண்டுகள் சம்பளம் வாங்காமலே பாடம் நடத்தினார். இறுதியில் நிலுவையோடு முழுச் சம்பளமும் கிடைத்தது.

சாதாரணச் செடிகளிலும் மின் துடிப்பு உண்டு என்று 1901-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டினார். மூத்த உடலியலாளர்கள் ஏற்கவில்லை. அவர் கட்டுரை அச்சேறாமல் நின்றது.

போஸ் வாதத்தில் இறங்காமல் கருவி செய்தார். செய்தியைச் சுமப்பது நீர் அழுத்தம் என்பது பலரின் கருத்து. அவரோ தொட்டாற்சிணுங்கியின் காம்பில் ஓரிடத்தைக் குளிரவைத்தார், நச்சு தடவினார். செய்தி தாமதமானது, அல்லது நின்றே போனது. வெறும் நீர் அழுத்தம் என்றால் நச்சு அதைத் தடுக்குமா? ஆகவே உயிருள்ள செல்களே துடிப்பைக் கடத்துகின்றன என்றார். 1917-இல் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1920-இல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-இல் காலமானார்.

அவரால் பார்க்க முடியாதது ஒன்று உண்டு: அயனி வாயில்கள். அவை செல் சவ்வில் திறந்து மூடும் நுண்ணிய புரதக் கதவுகள். நம் நரம்பில் சோடியம் உள்ளே பாய்வதால் துடிப்பு எழுகிறது. பொட்டாசியம் வெளியேறுவதால் அடங்குகிறது. அந்தக் கதவு திறக்காவிட்டால் நரம்பு அடுத்த துடிப்புக்கு எளிதில் தயாராகாது. துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே வரும் கால்சியம்தான் அடுத்த செல்லுக்கான வேதிப்பொருளை வெளியே விடச் செய்கிறது.

தொட்டாற்சிணுங்கியிலும் கால்சியமும் மின் துடிப்பும் சேர்ந்தே பயணம் செய்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-இல் ஒளிரும் செடிகளில் காட்டினர். துடிப்பு இலைக்காம்பின் அடியை எட்டியதும், அங்குள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, நீரும் பின்தொடர்கிறது, இலை தொய்கிறது.

செடிக்கும் நரம்பு உண்டு என்று போஸ் எழுதியது மிகை. செடிக்கு நரம்போ மூளையோ இல்லை. ஆனால் செய்தி மின்சாரமாகவும் செல்கிறது என்ற அவரது கண்டுபிடிப்பு நிலைத்துவிட்டது. அடுத்த முறை அந்த இலை மடங்கும்போது, மீண்டும் விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். வெளியேறிய பொட்டாசியம் செல்லுக்குத் திரும்பும் நேரம் அது.